லட்சத்தீவில் ஆமை பார்க்க: காகிதத்தில் தொடங்கிக் கடலில் முடியும் ஒரு வழிகாட்டி

முதல்முறை போனபோது நாங்கள் கடலையே பார்க்கவில்லை. மதுரையிலிருந்து இரவு முழுக்கப் பயணம் செய்து, கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தில் பெட்டிகளோடு வரிசையில் நின்றோம். கவுண்டரில் இருந்த பெண் லட்சத்தீவுக்கான நுழைவு பெர்மிட்டைக் கேட்டார். எனக்கு இருந்தது, மனைவிக்கு இருந்தது, மகளுக்கு வரவில்லை. ‘இன்று காலைக்குள் வந்துவிடும் சார்’ என்று ஏஜென்ட் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விமானம் எங்களை விட்டுவிட்டு அகத்தித் தீவுக்குப் பறந்தது. மூன்று பேரின் டிக்கெட் பணமும் தங்குமிடத்துக்குக் கட்டிய முன்பணமும் அதோடு போயின. எர்ணாகுளத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, யாரும் யாரோடும் பேசாமல் அப்பமும் கடலைக்கறியும் சாப்பிட்டோம்.

அடுத்த ஆண்டு மீண்டும் முயன்று போய்வந்துவிட்டோம். இரண்டு முறையும் சேர்த்து நான் கற்றதைக் கீழே எழுதுகிறேன். பவளப்பாறையையும் ஆமையையும் மீன்களையும் பார்க்கும் ஆசையில் முதல்முறை போகிறவர்களுக்கானது இது. தேனிலவுப் படம் எடுக்கப் போகிறவர்கள் 8-ஆம் எண்ணுக்குப் பிறகு படிக்காமல் விட்டாலும் பாதகமில்லை.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், சுற்றுலாவும் பெரும்பாலும் நின்றுவிடும். நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரலில் கடல் கண்ணாடிபோலத் தெளிந்து கிடக்கும் என்றாலும் வெயில் முதுகைத் தோலுரித்துவிடும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை நம்பி மே மாதத்தில் திட்டமிடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அரையாண்டு விடுமுறை பொருந்தும், ஆனால் இடம் கிடைப்பது கடினம். எங்களுக்குப் பிப்ரவரி ஒத்துவந்தது.

முடிவு செய்த தேதியிலிருந்து மூன்று மாதம் பின்னோக்கி எண்ணுங்கள். வேலை தொடங்க வேண்டிய நாள் அது.

2. யார் வழியாகப் போவது?

சொந்த நாடுதானே, டிக்கெட் எடுத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. தீவுக்காரரல்லாத யாருக்கும் நுழைவு அனுமதி வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கும் அப்படித்தான். அதைப் பெற மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ‘ஸ்போர்ட்ஸ்’ நடத்தும் தொகுப்புப் பயணங்கள். ‘சமுத்திரம்’ என்ற கப்பல் பயணம் இவற்றில் பேர்பெற்றது. எம்.வி. கவரத்தி கப்பலில் போய், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறங்கிப் பார்த்து, இரவில் கப்பலிலேயே தூங்கலாம். பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இது வசதி. ஒரு தீவில் சில மணி நேரம்தான் கிடைக்கும் என்பதால், கடலுயிர்களை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, தனியார் ஏஜென்ட். பணம் கூடுதல், அலைச்சல் குறைவு. ஆனால் உங்கள் காகிதம் எந்த நிலையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியாமல் போகும். எங்களுக்கு அதுதான் நடந்தது.

மூன்றாவது, தீவில் விருந்தினர் இல்லம் நடத்தும் உள்ளூர்க்காரர் ஒருவரே உங்களுக்குப் பொறுப்பேற்று விண்ணப்பிப்பது. இரண்டாம் முறை நாங்கள் போனது இப்படித்தான். அகத்தியில் வீடு வைத்திருந்தவர் தம் ஆவணங்களைத் தந்தார், விண்ணப்பத்தை நானே ஆன்லைனில் நிரப்பினேன். ஏற்கெனவே அவர் வீட்டில் தங்கிவிட்டு வந்த யாராவது ஒருவரிடம் பேசாமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

3. காவல்துறைச் சான்று: எல்லாம் இங்கிருந்துதான் தாமதமாகிறது

பெர்மிட் விண்ணப்பத்தோடு, உங்கள்மீது குற்ற வழக்கு எதுவும் இல்லை என்ற காவல்துறைச் சான்று இணைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ‘போலீஸ் சரிபார்ப்பு’ சேவையில் விண்ணப்பிக்கலாம். நான் ஆளுக்கு 500 ரூபாய் கட்டினேன். புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். பிறகு உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்திலிருந்து விசாரிப்பார்கள். முடிந்ததும் சான்றை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

பொறி இங்கேதான் இருக்கிறது. பாஸ்போர்ட் சேவை மையத்திலும் ‘பி.சி.சி.’ (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்) என்ற பெயரில் ஒரு சான்று தருகிறார்கள். அது வெளிநாடு செல்கிறவர்களுக்கானது. பெயர் ஒன்றாக இருப்பதால் என் நண்பர் ஒருவர் அங்கே போய் ஒரு நாள் விடுப்பையும் பணத்தையும் வீணடித்தார்.

இரண்டு வாரத்தில் வந்துவிடும் என்று நினைத்தோம். மனைவியுடையது 9 நாளில் வந்தது, என்னுடையது 23 நாள் எடுத்தது. ஒரே வீடு, ஒரே காவல் நிலையம், ஒரே நாளில் போட்ட விண்ணப்பம். காரணம் கேட்காதீர்கள். ஒரு வாரம் கடந்தும் அழைப்பு வராவிட்டால், விண்ணப்ப எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு நேரில் நிலையத்துக்குப் போய்விடுங்கள். போன அன்றே என்னுடையது நகர்ந்தது.

4. இனிஷியல்

தனித் தலைப்பு தருவதற்குக் காரணம் உண்டு. முதல்முறை மகளின் பெர்மிட் நின்றது இந்த ஒற்றை எழுத்தால்தான்.

நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கும், கல்லூரிச் சான்றிதழில் அதே எழுத்து முன்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்திருக்கும், விமான டிக்கெட் இணையதளமோ ‘கடைசிப் பெயர்’ கேட்டு அடம்பிடிக்கும். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் அலுவலருக்கு அவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். எந்த அடையாள அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதை மேசைமேல் வையுங்கள். காவல்துறைச் சான்று, பெர்மிட் விண்ணப்பம், விமான அல்லது கப்பல் டிக்கெட் ஆகிய மூன்றிலும் அதிலுள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி நிரப்புங்கள். டிக்கெட்டில் கடைசிப் பெயர் கேட்டால் இனிஷியலின் விரிவைப் போடுவதா வேண்டாமா என்பதை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆதாரிலேயே பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். அதற்கு ஒரு மாதத்தைத் தனியாக ஒதுக்குங்கள்.

5. பெர்மிட்

காவல்துறைச் சான்று கைக்கு வந்ததும் லட்சத்தீவு நிர்வாகத்தின் இணைய அனுமதித் தளத்தில் விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, புகைப்படம், காவல்துறைச் சான்று, பொறுப்பேற்பவரின் விவரம், தங்குமிடம், போகும் தேதி, திரும்பும் தேதி ஆகியவற்றைக் கேட்கும். நாங்கள் கட்டியபோது விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 50 ரூபாய், பாரம்பரியக் கட்டணம் பெரியவர்களுக்கு 200 ரூபாய். 12 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 100 ரூபாய். எங்களுக்கு 8 நாளில் வந்தது.

மூன்று எச்சரிக்கைகள். பெர்மிட் தீவுவாரியாகத் தரப்படுகிறது. அகத்திக்கு வாங்கிய காகிதத்தோடு கத்மத்தில் இறங்க முடியாது. லட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகளே 10-தான், அவற்றிலும் எல்லாவற்றையும் சுற்றுலாவுக்குத் திறந்துவிடவில்லை. போக வாய்ப்புள்ள தீவுகள் அனைத்தையும் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். நாங்கள் அகத்தியோடு பங்காரத்தையும் தின்னகரையையும் சேர்த்துக்கொண்டோம்.

அடுத்தது, பெர்மிட்டைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். மூன்று பிரதி அச்செடுங்கள். ஒன்றை விமான நிலையத்தில் கேட்பார்கள், ஒன்று தீவில் இறங்கியதும் காவல் நிலையத்தில் காட்டிப் பதிவு செய்ய, ஒன்று உங்கள் பையில்.

மூன்றாவதாக, பெர்மிட்டில் போட்ட தேதிக்கு வெளியே ஒரு நாள்கூடத் தங்க நினைக்காதீர்கள். கடல் மோசமாகித் திரும்ப முடியாமல் போகக்கூடும் என்பதால், திரும்பும் தேதியை இரண்டு நாள் தள்ளியே கேளுங்கள்.

6. விமானமா, கப்பலா?

கொச்சியிலிருந்து அகத்திக்குச் சிறிய விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். தீவுகளில் விமான நிலையம் உள்ளது அகத்தி ஒன்றில்தான். எடை வரம்பு கண்டிப்பானது. பெரிய விமானத்தில் போகும் நினைப்பில் பெட்டி கட்டாதீர்கள். இறங்கும்போது சன்னலோரம் உட்கார்ந்திருந்தால், ஒரு பென்சில்போல நீண்ட தீவும் அதன் நுனியில் ஓடுபாதையும் இரண்டு பக்கமும் நீலமும் தெரியும். காகித அலைச்சலில் பாதி அப்போதே மறந்துபோகும்.

கப்பல் கொச்சி வில்லிங்டன் தீவிலிருந்து புறப்படுகிறது. தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம், சில நேரங்களில் அதற்கும் மேல். கட்டணம் விமானத்தைவிட மிகக் குறைவு. ஆனால் தீவு மக்கள் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போய்வர இந்தக் கப்பல்களைத்தான் நம்பியிருக்கிறார்கள், அதனால் நமக்கு இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பல தீவுகளில் கப்பல் தொலைவிலேயே நின்றுவிடும். ஆடுகிற சிறு படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். வாந்திக்கு மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை.

நெடும்பாசேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் இடையே 35 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று திட்டமிடுகிறவர்கள் எர்ணாகுளத்தில் விடுதி எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஊர் திரும்பும் ரயில் டிக்கெட்டை, தீவிலிருந்து வரும் அதே நாளுக்கு எடுக்காதீர்கள்.

7. செலவு

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். காலத்துக்கேற்ப மாறும், ஆனால் திட்டமிட உதவும். கொச்சி–அகத்தி விமானம் ஒருவழிக்கு ஆளுக்கு ஏறத்தாழ 6,000 ரூபாய். தங்குமிடம் மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு நாளொன்றுக்கு 2,500. பங்காரத்துக்கும் தின்னகரைக்கும் படகு தனியாக; இன்னொரு குடும்பத்தோடு பங்கிட்டுக்கொண்டதால் பாதியாயிற்று. ஸ்கூபா, அதாவது காற்றுக்குடுவை கட்டி மூழ்குவது, முதல்முறை மூழ்கலுக்கு 4,500. முகமூடியும் மூச்சுக்குழலும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஐந்து நாளுக்கு, மதுரையிலிருந்து மதுரை வரை, ஆளுக்கு 35,000 ரூபாயை ஒட்டி வந்தது. முதல்முறை இழந்ததை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் மனைவி மீண்டும் பேச மாட்டார்.

ரொக்கம் கொண்டுபோங்கள். நாங்கள் இருந்த ஐந்து நாளில் இரண்டு நாள் இணையம் படுத்துக்கொண்டது, கைப்பேசியில் பணம் அனுப்ப முடியவில்லை. பி.எஸ்.என்.எல். சிம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. ஊரிலேயே மிதக்கப் பழகுங்கள்

பெர்மிட்டுக்குக் காத்திருக்கும் வாரங்களை வீணாக்காமல் இதைச் செய்யுங்கள். நீச்சல் தெரியாதவர்களும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழலோடு மேலே மிதந்தபடி கீழே பார்ப்பது) செய்யலாம், உண்மைதான். ஆனால் முதல்முறை முகத்தை நீருக்குள் வைத்து வாயால் மூச்சு விடும்போது உடம்பு பதறும். பதறினால் கால் தானாகக் கீழே போய் நிற்க இடம் தேடும். கீழே இருப்பது பவளம். அது பாறை அல்ல, உயிர். ஒரு மிதியில் உடைவது பல ஆண்டு வளர்ச்சி. உங்கள் பாதமும் கிழியும், அந்தக் காயம் லேசில் ஆறாது.

நாங்கள் மூன்று பேரும் இரண்டு வாரம் காலையில் நீச்சல் குளத்துக்குப் போனோம். ஒரே பயிற்சிதான்: முகமூடி அணிந்து, குப்புற மிதந்து, தரையைத் தொடாமல் பத்து நிமிடம். முகமூடிக்குள் நீர் புகுந்தால் நிற்காமலேயே தலையைத் தூக்கி வடிப்பது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆண்களுக்கு ஒரு செய்தி. மீசை இருந்தால் முகமூடியின் விளிம்பு சரியாக ஒட்டாது, மூக்கடியில் நீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். முப்பது ஆண்டாக வைத்திருந்த மீசையின் மேல் விளிம்பை மூக்கின் கீழ் ஒரு விரற்கடை சிரைத்தேன். ஒழுகல் நின்றது. கண்ணாடி அணிபவர்கள் பவர் வைத்த முகமூடி கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள். நீருக்கடியில் எல்லாம் சற்றுப் பெரிதாகத் தெரியும் என்பதால் குறைந்த பவர்க்காரர்கள் சும்மாவே சமாளிக்கலாம்.

9. பெட்டியில் வைக்க வேண்டியவை

முழுக்கை நீச்சல் சட்டை, முழங்கால் மூடும் கால்சட்டை. வெயில் படாமல் இருக்க இதுவே சிறந்தது. முதுகு முழுக்க சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்கினால் அது கடலில்தான் கரையும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த களிம்புகள் பவளத்துக்குக் கேடு. முகத்துக்கு மட்டும் துத்தநாக ஆக்ஸைடு உள்ளதைப் பூசுங்கள். ரப்பர் அடி வைத்த நீர்க்காலணி கட்டாயம்.

கைப்பேசிக்கு நீர்புகா உறை வாங்கினால், உள்ளே கைப்பேசிக்குப் பதில் மெல்லிய காகிதத்தை வைத்து, பக்கெட் தண்ணீரில் ஒரு மணி நேரம் அமுக்கிப் பாருங்கள். நான் வாங்கிய இரண்டில் ஒன்று நனைந்தது.

தீவு மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், ஊருக்குள் நடக்கும்போது உடை அதற்கேற்ப இருக்கட்டும். பங்காரத்தைத் தவிர மற்ற இடங்களில் மதுவுக்குத் தடை. பெட்டியில் மறைத்துக் கொண்டுபோகலாம் என்று நினைக்கும் சாமர்த்தியசாலிகளுக்கு என்னிடம் ஆலோசனை இல்லை. தெருநாய் பயம் மட்டும் வேண்டாம், தீவில் நாயே கிடையாது. பூனைகள் ஏராளம், எல்லாம் சூரை மீன் தின்று கொழுத்தவை.

10. இறங்கும் நேரம்

பெரும்பாலான தீவுகளில் மேற்குப் பக்கம்தான் காயல், அதாவது பவளப்பார் வளைத்துக் கட்டிய ஆழமற்ற அமைதியான நீர். கிழக்குப் பக்கம் கரையை ஒட்டியே ஆழம். புதியவர்களுக்கு மேற்குதான்.

வந்த அன்றைக்கே ஆர்வத்தில் இறங்காதீர்கள். நாங்கள் இறங்கியது நீர் வற்றிய நேரம். வயிற்றுக்கும் பவளத்துக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. மகளின் முழங்காலில் மூன்று கோடுகள் விழுந்தன. ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள், அவருக்கு அது கடிகாரம் பார்ப்பதைவிடச் சுலபம். நீர் ஏறிக்கொண்டிருக்கும் காலை நேரம் சிறந்தது. காற்று எழுந்திருக்காது, வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வரும். வற்றும்போது பவளப்பாரின் வாய்க்கால் பக்கம் போகவே கூடாது; நீரோட்டம் வெளியே இழுக்கும். ஒருபோதும் தனியாக இறங்காதீர்கள்.

11. எதைப் பார்ப்பீர்கள், எப்படிப் பார்ப்பது

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரப் படங்களின் சிவப்பும் ஊதாவும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். உயிருள்ள பவளம் பெரும்பாலும் பழுப்பு, காக்கி, மங்கிய பச்சை நிறங்களில்தான் இருக்கும். அதற்குள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசியின் நிறம் அது. கடல் சூடேறினால் பவளம் அந்தப் பாசியைத் துப்பிவிட்டு வெள்ளையாகி நிற்கும். வெள்ளையாக இருப்பது இன்னும் சாகவில்லை, பட்டினியில் இருக்கிறது. வெளுத்து, பிறகு முடிமுடியாய்ப் பாசி படர்ந்து கிடப்பதுதான் செத்தது. லட்சத்தீவு 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படி வெளுத்தது, 2024-இல் மறுபடியும். நீங்கள் நீந்தும் இடங்களில் சில கல்லறைபோலத்தான் இருக்கும். வழிகாட்டியிடம் உயிருள்ள திட்டு எங்கே என்று கேட்டுப் போங்கள்.

பேராமையை, அதாவது கடற்புல் மேயும் பச்சை ஆமையை, பார்க்க ஆழத்துக்கே போக வேண்டியதில்லை. அகத்திக் காயலில் இடுப்பளவு நீரில் நின்றபடியே பல ஆமைகளைப் பார்த்தோம். மூன்றாம் நாள் காலை நான் குப்புற மிதந்துகொண்டிருந்தபோது, கீழே ஒரு பலகை நகர்வதுபோல இருந்தது. மேசையின் அகலம், ஓட்டின்மேல் பச்சையாய்ப் பாசி, இடது பின்துடுப்பில் ஒரு பழைய கடிவாய். முன்துடுப்புகளை மணலில் ஊன்றிக்கொண்டு கடற்புல்லை வாயால் பற்றி, மாடு இழுப்பதுபோலத் தலையைச் சுண்டி இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் சிறிது மணல் கிளம்பி அடங்கியது. சில நிமிடம் கழித்து மெல்ல மேலே வந்தது. என்னிடமிருந்து இரண்டு ஆள் தூரத்தில் தலையை நீட்டி, சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல ஒரு மூச்சு விட்டு, மறுபடி கீழே போய் விட்ட இடத்தில் மேய்ந்தது. என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

அது நம்மை மதிக்காதவரை சரியாகப் பார்க்கிறோம் என்று பொருள். அது தலையை உயர்த்தி நம்மைப் பார்த்தாலோ, மேய்வதை நிறுத்தினாலோ, நெருங்கிவிட்டோம். ஆமை மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். அதன் தலைக்கு நேர்மேலே மிதக்காதீர்கள். எங்களோடு வந்த இன்னொரு குழுவில் ஒருவர் படத்துக்காக ஆமையின் ஓட்டைப் பிடித்தார். படகுக்காரர் அவரைக் கையைப் பிடித்துப் படகில் ஏற்றி உட்காரவைத்துவிட்டார். அதன்பின் அவர் இறங்கவில்லை.

தீவு மீனவர்கள் எல்லோரும் ஆமைகளைக் கொண்டாடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஆமைகள் பெருகிக் கடற்புல்லை மொட்டையடித்துவிட்டன, குஞ்சு மீன் ஒதுங்க இடமில்லை என்று வீட்டுக்காரர் குறைபட்டுக்கொண்டார். அகத்தியில் புல்வெளி மெலிந்துபோனதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்.

மீன்களுக்குக் காதைக் கொடுங்கள். நீருக்குள் கடலை கொறிப்பதுபோல ஓயாத சத்தம் கேட்கும். கிளிமீன்கள் செத்த பவளத்தைக் கடித்து, பாசியைத் தின்று, கல்லை அரைத்து மணலாகக் கழிக்கின்றன. நீங்கள் துண்டு விரித்துப் படுக்கும் அந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு கிளிமீனின் வயிற்றிலிருந்து வந்தது. மகள் இதைக் கேட்டபின் மணலில் படுக்கவில்லை. வண்ணத்துப்பூச்சி மீன்கள் சோடி சோடியாகத் திரியும். பொந்திலிருந்து வாயைத் திறந்து திறந்து மூடும் அஞ்சாலை (பாம்புபோல நீண்ட விலாங்கு வகை மீன்) உங்களை மிரட்டவில்லை, மூச்சு விடுகிறது. ஆனால் பொந்துக்குள் விரலை நீட்டினால் வேறு கதை.

பெரிய கிளாத்தி மீன் (டிரிகர் ஃபிஷ்) ஒன்று மணலில் குழி பறித்துக் காவல் இருந்தால் மட்டும் விலகிப் போங்கள். முட்டையைக் காக்கும் காலத்தில் அது துரத்திக் கடிக்கும். தன் குழிக்கு நேர்மேலே உள்ள நீர் முழுவதையும் தன் எல்லையாக நினைக்கும் என்பதால், மேல்நோக்கித் தப்பாமல் பக்கவாட்டில் நீந்துங்கள்.

12. தொடாதீர்கள், எடுக்காதீர்கள்

சிங்கமீன், கல்மீன் இரண்டுக்கும் முள்ளில் நஞ்சு. கல்மீன் கல்லாகவே தெரியும், அதனால்தான் எதன்மேலும் கால் வைக்காதீர்கள் என்கிறேன். குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை முக்கி வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மணல் தரையில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை முன்பே விலகிவிடும்.

பவளம், கடல் அட்டை, பெரிய மட்டி வகைகள் எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. கரையில் செத்து ஒதுங்கிய பவளத் துண்டையும் பையில் போடாதீர்கள். மாட்டினால் ‘கீழே கிடந்தது’ என்பது பதிலாகாது.

13. ஸ்கூபா

நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்றுநர் கையைப் பிடித்து அழைத்துப் போவார். அறிமுக மூழ்கல் அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். 10 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. ஆஸ்துமா, இதய நோய், காதில் அறுவை சிகிச்சை, வலிப்பு இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். ஊரிலேயே மருத்துவர் சான்று வாங்கிச் செல்லுங்கள். சளி பிடித்திருந்தால் காது அழுத்தம் சமனாகாது, அன்று இறங்க வேண்டாம்.

எல்லோரும் தவறுவது திரும்பும் நாளில். கடைசி மூழ்கலுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். ஆகவே ஸ்கூபாவை இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் வையுங்கள், கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள். ஸ்நார்கெலிங்குக்கு இந்தக் கணக்கு இல்லை.

14. திரும்பும்போது

முந்தின இரவே எல்லோரின் பைகளையும் கவிழ்த்துப் பாருங்கள். நான் கவிழ்த்தபோது மகளின் காலணிக்குள்ளிருந்து விரல்நீளப் பவளத் துண்டு ஒன்று விழுந்தது. எப்போது புகுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நள்ளிரவில் டார்ச் அடித்துக்கொண்டு போய்க் கடலில் போட்டுவிட்டு வந்தோம்.

வாங்கிவர உகந்தது மாசி. சூரையை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டையாகும்வரை காயவைப்பது. நம் ஊர் மளிகைக் கடையில் கிடைப்பதைவிடத் தரம். மூன்று பிளாஸ்டிக் உறைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுங்கள். நாங்கள் ஒன்றில்தான் சுற்றினோம். பெட்டியை இன்னும் மொட்டை மாடியில்தான் வைத்திருக்கிறோம்.